நசுங்கிய பாதம்: தோல் ஒட்டா, ஃபிளாப்பா, காலை எடுப்பதா?

லாரிச் சக்கரம் ஏறி இறங்கிய பாதம், அறுவடை இயந்திரத்தில் மாட்டிய பாதம், பைக்கின் பின்சக்கரக் கம்பிகளுக்குள் போன குழந்தையின் குதிகால். இவற்றுக்கு வழிகள் என்று எடுத்தால் ஐந்தாறு உண்டு. தோல் ஒட்டு வைக்கலாம். வேக்கம் டிரெஸ்ஸிங், செயற்கைத் தோல் என்று போகலாம். பக்கத்துத் திசுவை அதன் ரத்த ஓட்டத்தோடு திருப்பிப் போடும் ஃபிளாப் இருக்கிறது. தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ ரத்தக்குழாயோடு எடுத்துவந்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் இணைக்கும் ஃப்ரீ ஃபிளாப் இருக்கிறது. மற்றக் காலிலிருந்து கடன் வாங்கும் கிராஸ் லெக் ஃபிளாப்பும் இன்னும் வழக்கொழியவில்லை. கடைசியாக, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது.

பட்டியலில் பெயர் வராத இன்னொரு வழியும் இருக்கிறது, அதுதான் நிறைய இடங்களில் நடக்கிறது: தினமும் கட்டு மாற்றிக்கொண்டே, 'சதை பிடிக்கட்டும், அப்புறம் தோல் வைக்கலாம்' என்று வாரக்கணக்கில் காத்திருப்பது. செலவு குறைவாகத் தெரியும் இந்த வழிதான் பல நேரங்களில் காலையும் காசையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. ஆகவே அதையும் ஒரு தேர்வாகவே எண்ணி மற்றவற்றோடு நிறுத்திப் பார்க்க வேண்டும்.

காயம் எந்த இடத்தில்

புறங்காலும் உள்ளங்காலும் ஒரே பாதத்தில் இருந்தாலும் அறுவை மருத்துவருக்கு அவை இரண்டு வேறு உறுப்புகள். புறங்கால் தோல் மெல்லியது; அதற்கடியில் தசைநாண்கள் ஓடுகின்றன, கொழுப்பு சொற்பம். அங்கே தேவைப்படுவது மெல்லிய போர்வை. தடித்த சதையை வைத்தால் செருப்பு வார் ஏறாது, ஷூ நுழையாது. குதிகால் வேறு கதை. தோல் தடித்தது, அடியில் தேன்கூடு போன்ற நார்ச்சுவர் அறைகளுக்குள் கொழுப்பு அடைபட்டிருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் எடையைத் தாங்குவதும், தோல் எலும்பின்மேல் வழுக்காமல் பிடித்துக்கொள்வதும் அந்தச் சுவர்கள்தாம். இதற்கு ஈடான திசு உள்ளங்காலை விட்டால் உடம்பில் வேறெங்கும் கிடையாது. மூன்றாவது இடம், கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் பகுதி. தோலுக்கும் நாணுக்கும் நடுவே அங்கே ஒன்றுமே இல்லை. சக்கரக் கம்பிக் காயங்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன.

இடத்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது காயத்தின் அடித்தளம். சிவந்த தசையோ கொழுப்போ இருந்தால் ஒரு வழி. மேலுறை உரிந்த எலும்பு, உறை போன தசைநாண், திறந்த மூட்டு, எலும்பைப் பொருத்த வைத்த உலோகப் பிளேட் ஆகியவை தெரிந்தால் முற்றிலும் வேறு வழி. பிறகு ரத்த ஓட்டம். பாதத்துக்கு முன்னால் ஒன்று, உள்கணுக்காலுக்குப் பின்னால் ஒன்று, வெளிப்புறத்தில் சிறியதாக ஒன்று என்று மூன்று தமனிகள் வருகின்றன. நசுங்கிய காலில் இவற்றில் எத்தனை ஓடுகின்றன என்பதை விரலால் தொட்டும், ரத்த ஓட்டத்தை ஒலியாகக் காட்டும் கையடக்க டாப்ளரை வைத்தும், சந்தேகம் இருந்தால் ரத்தக்குழாய்களைப் படம்பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோ எடுத்தும் உறுதி செய்யாமல் எந்த ஃபிளாப்பையும் திட்டமிடக் கூடாது.

முதல் நாள் தவறுகள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதன் கதி முதல் சுத்தப்படுத்தும் அறுவையில்தான் இருக்கிறது. சிரை வழி ஆன்டிபயாடிக் முடிந்தவரை ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும், டெட்டனஸ் ஊசியும் கூடவே. பிரிட்டன் எலும்பு மருத்துவர்களின் விதிமுறை தெளிவானது: சாக்கடை, வயல் மண் புகுந்த காயத்துக்கு உடனே அறுவை, வேகமாக மோதி உண்டான காயத்துக்கு 12 மணி நேரத்துக்குள், மற்றவற்றுக்கு 24 மணி நேரத்துக்குள், காயத்தை மூடும் இறுதி அறுவை 72 மணி நேரத்துக்குள். கழுவச் சாதாரண சலைன் போதும். கடும் காயத்துக்குச் சுமார் 9 லிட்டர் என்பது பழைய வழக்கு. 2015இல் வெளியான பெரிய ஆய்வில் நீரின் அழுத்தத்தைக் கூட்டியதால் பயன் ஏதும் தெரியவில்லை. சோப்புக் கரைசல் சலைனைவிட மோசமாகவே இருந்தது. மஞ்சள், காபித்தூள் அப்பிக்கொண்டு வருபவர்கள் இன்னும் உண்டு. அதைச் சுரண்டி எடுக்கும்போது நல்ல திசுவும் போகும்.

சக்கரம் ஏறிய பாதத்தில் தோல் கிழிந்து தொங்கும், பார்க்க உயிரோடு இருப்பது போலவே இருக்கும். அதை இழுத்துப் பழைய இடத்தில் தைத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. அடியிலிருந்து வரும் நுண்குழாய்கள் எல்லாம் அறுந்துவிட்டதால் நாலைந்து நாளில் அந்தத் தோல் கறுக்கும்; அதற்கடியில் சீழ் கோத்திருக்கும். சரியான முறை, ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பார்த்து, தோலின் வெட்டுமுகத்தில் சிவந்த புள்ளி ரத்தம் வரும் இடத்தில் நிறுத்துவது. வெட்டி எடுத்த தோலையும் வீசிவிட வேண்டியதில்லை. உட்பக்கக் கொழுப்பை முழுக்கச் சீவிவிட்டால் அதே தோல் ஒட்டாகப் பயன்படும், தொடையில் கை வைக்காமலே. ஒரே அறுவையில் எல்லாம் தெரிந்துவிடாது என்பதால் 24 முதல் 48 மணி நேரத்தில் இரண்டாவது முறை திறந்து பார்ப்பது நல்ல மருத்துவமனைகளின் வழக்கம். 'ஏன் மறுபடி மயக்கம் கொடுக்கிறார்கள்' என்று குடும்பத்தார் பதறத் தேவையில்லை.

தோல் ஒட்டு

தொடையிலிருந்து சுமார் 0.3 மி.மீ. தடிமனில் தோலைச் சீவி, சிறு கண்ணிகளாக விரித்து ஒட்டுவார்கள். அரை மணி முதல் ஒரு மணி நேர வேலை, எந்தப் பொது அறுவை மருத்துவராலும் செய்ய முடியும். முதல் இரண்டு நாள் அடித்தளத்தில் கசியும் நீரை உறிஞ்சி உயிர் வாழ்ந்து, அதற்குப் பிறகே ரத்தக்குழாய் இணைப்பைப் பெறும். இந்த நாட்களில் அடியில் ரத்தம் கோத்தாலும், தோல் நகர்ந்தாலும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருந்தாலும் ஒட்டு போய்விடும். முதல் கட்டை ஐந்தாம் நாள்வரை பிரிக்காமல் வைப்பதும், கணுக்காலை ஸ்லாப் எனும் அரை மாவுக்கட்டில் அசையாமல் வைப்பதும் அதற்காகவே.

புறங்காலில் தசைநாண் உறை மிஞ்சியிருந்தால் தோல் ஒட்டே சிறந்தது. மெல்லியது, செருப்புக்கு ஒத்துவரும், அதற்குமேல் ஃபிளாப் போடுவது வீண் ஆடம்பரம். உள்ளங்காலின் வளைவான நடுப்பகுதியிலும் அது போதும், எடை அங்கே இறங்குவதில்லை. குதிகாலில் வைத்தால் ஒட்டிவிடும், நடக்க ஆரம்பித்ததும் வெடிக்கும். எலும்பின்மேல் நேரடியாக ஒட்டிய தோல் உராய்வைத் தாங்காது. ஆறுவதும் உடைவதுமாக வருடக்கணக்கில் போகிற குதிகால் புண்கள் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வேக்கம் டிரெஸ்ஸிங், செயற்கைத் தோல்

நுரைப்பஞ்சை வைத்து மூடி, மைனஸ் 125 மி.மீ. பாதரச அழுத்தத்தில் உறிஞ்சி, 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். வீக்கம் குறையும், கசிவு வெளியேறும், கட்டு மாற்றும் வலியின் எண்ணிக்கை குறையும். செத்த திசுவின் மேலோ, திறந்த ரத்தக்குழாயின் மேலோ வைக்கக் கூடாது. இது இரண்டு அறுவைகளுக்கு நடுவிலான பாலமாக இருக்கும்வரை நல்லது. ஃபிளாப்புக்குப் பதிலாக மூன்று நாலு வாரம் ஓட்டுவதற்கு வசதியான சாக்காக மாறும்போது, மேலே பளபளவென்று சதை வளர்ந்திருக்கும், அடியில் எலும்பில் கிருமி குடியேறியிருக்கும். பஞ்சும் டப்பாவும் மாற்ற மாற்ற ஆகும் தொகையைக் கூட்டிப் பார்த்தால் ஃபிளாப் அறுவைச் செலவை நெருங்கிவிடுவதும் உண்டு.

இன்டெக்ரா போன்ற செயற்கை உட்தோல், சிறிய அளவில் திறந்த எலும்பையோ நாணையோ மூட உதவும். ரத்தக்குழாய் ஊற சுமார் மூன்று வாரம், பிறகு மேலே மெல்லிய தோல் ஒட்டு. விலை அதிகம், தொற்று வந்தால் மொத்தமும் போகும். பெரிய அறுவையைத் தாங்காத வயதானவருக்கு, புறங்காலில், கொஞ்சம் எலும்பு தெரிகிறது என்றால் பரிசீலிக்கலாம். குதிகாலுக்கு வேண்டாம்.

பக்கத்துத் திசு: இரண்டு ஃபிளாப்கள்

குதிகாலில் எடை தாங்கும் பகுதி போயிருந்து, உள்ளங்காலின் உள்வளைவு காயப்படாமல் இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது மீடியல் பிளான்டர் ஃபிளாப். அந்த வளைவின் தோலை அதன் தமனியோடும் உணர்வு நரம்புக் கிளையோடும் குதிகாலுக்கு நகர்த்துவார்கள். அதே தடிமன், அதே நார்ச்சுவர், உணர்வும் உண்டு. குதிகாலுக்கு இதைவிட நல்ல மாற்று இல்லை. எடுத்த இடத்தில் தோல் ஒட்டு வைத்தால் போதும். சிக்கல் அளவுதான்: 6 முதல் 7 செ.மீ. அகலத்துக்குமேல் கிடைக்காது. குதிகாலை நசுக்கிய சக்கரம் வளைவை விட்டுவைத்திருப்பதும் அரிது.

அடுத்தது ரிவர்ஸ் சூரல் ஃபிளாப். பிரான்ஸின் மாஸ்கலே 1992இல் விவரித்த கருத்திலிருந்து வளர்ந்தது. மைக்ரோஸ்கோப் இல்லாத ஊர்களின் உழைப்பாளி. கெண்டைக்காலின் பின்புறத் தோலை, சூரல் நரம்பும் சிறு சிரையும் அடங்கிய காம்போடு தலைகீழாகத் திருப்பிக் குதிநாணுக்கோ குதிகாலுக்கோ கொண்டுவருவார்கள். திரும்பும் புள்ளி வெளிக்கணுக்கால் எலும்புக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, அங்கே ஆழத்திலிருந்து வரும் சிறு தமனிதான் இதன் உயிர். காம்பு 3 முதல் 4 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். சுமார் இரண்டு மணி நேர வேலை.

இது தோற்பதற்குத் தமனி காரணமாவது குறைவு, சிரைதான் பெரும்பாலும். ஃபிளாப்பைத் தலைகீழாகத் திருப்பியதால், ரத்தம் மேலேறும் திசைக்கு எதிராகச் சிரையின் வால்வுகள் நிற்கின்றன. அதோடு காம்பைத் தோலுக்கடியில் குறுகிய சுரங்கத்துக்குள் இழுத்தால், முறுக்கினால், கட்டை இறுக்கினால், அல்லது நோயாளி அந்தக் குதிகாலையே மெத்தையில் ஊன்றிப் படுத்தால், ஃபிளாப் நீலம் பாய்ந்து வீங்கி ஓரத்திலிருந்து கறுப்பு ரத்தம் கசியும். தெரிந்தவர்கள் சுரங்கம் போடாமல் தோலைத் திறந்து காம்பின் மேல் தோல் ஒட்டு வைப்பார்கள். வெளிப்புறக் கம்பிச் சட்டம் போட்டுக் காலைத் தூக்கி நிறுத்துவார்கள். நீலம் தென்பட்டால் படுக்கையிலேயே சில தையல்களைப் பிரித்துவிடுவது அடுத்த நாள் வரை காத்திருப்பதைவிட மேல். சர்க்கரை நோயாளி, புகைப்பவர், கால் ரத்த ஓட்டம் குறைந்தவர் என்றால் இரண்டு கட்டமாகச் செய்வது பாதுகாப்பு: முதலில் ஓரங்களை வெட்டிவிட்டு அதே இடத்தில் தைத்து ஒன்றிரண்டு வாரம் விடுவது, பிறகு நகர்த்துவது. விலையாகப் பாதத்தின் வெளிவிளிம்பு மரத்துப்போகும், கெண்டைக்காலில் பள்ளமான தழும்பு நிற்கும்.

ஃப்ரீ ஃபிளாப்

காயம் பெரிது, அடியில் எலும்பும் பிளேட்டும் தெரிகின்றன, பக்கத்துத் திசுவும் நசுங்கியிருக்கிறது என்றால் இதுதான் வழி. தொடையின் வெளிப்புறத் தோல், தொடையின் உட்புறத்து கிராசிலிஸ் தசை, மிகப் பெரிய காயத்துக்கு முதுகின் லாட்டிசிமஸ் தசை. தொடைத் தோலை 8 செ.மீ. அகலத்துக்குள் எடுத்தால் எடுத்த இடத்தை நேராகத் தைத்து மூடிவிடலாம், அதற்குமேல் அங்கேயும் தோல் ஒட்டு வேண்டும். அறுவை 6 முதல் 10 மணி நேரம். 9-0, 10-0 தையல் இழைகளால், அதாவது தலைமுடியைவிட மெல்லிய நூலால், காயத்தின் வீக்கத்துக்கு வெளியே நல்ல தமனியைத் தேடி இணைப்பார்கள். பாதத்துக்கு ஒரே தமனிதான் ஓடுகிறது என்றால் அதை வெட்டாமல் அதன் பக்கவாட்டில் துளையிட்டு இணைக்க வேண்டும்.

தசையா தோலா என்ற வாதம் ஓயாது. உள்ளங்காலில் தசை வைத்து மேலே தோல் ஒட்டு போட்டால், தசை சுருங்கி எலும்போடு படிந்துகொள்ளும், வழுக்கல் குறைவு. தோல் ஃபிளாப் கொழுப்போடு ஆடும். ஆனால் பிறகு எலும்பு ஒட்டவைக்கவோ பிளேட்டை எடுக்கவோ மறுபடி திறக்க வேண்டியிருந்தால் தூக்க எளிது. எலும்பு வேலை பாக்கியிருக்கும் பாதத்தில் தோல் ஃபிளாப், வேலை முடிந்த குதிகாலில் தசை என்பது எங்கள் சாய்வு. எதை வைத்தாலும் ஆறு மாதம் கழித்துத் தடிமனைக் குறைக்க இன்னொரு அறுவை வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அனுபவமுள்ள இடங்களில் வெற்றி விகிதம் சுமார் 95 சதவீதம். 'அனுபவமுள்ள' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அடைப்பு பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்தில் வரும். வெளிறினால் தமனி, கருநீலமானால் சிரை. சில மணி நேரத்துக்குள் திரும்பத் திறந்தால் பாதிக்கு மேல் காப்பாற்றலாம், காலை ரவுண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போயிற்று. ஆகவே மருத்துவமனையைத் தேர்வு செய்யும்போது மைக்ரோஸ்கோப் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு ஃபிளாப்பை யார் பார்ப்பார், நிறம் மாறினால் அதே இரவில் அறுவை அரங்கு திறக்குமா என்று கேளுங்கள்.

எப்போது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். ஸ்லோவேனியாவின் லியூப்லியானாவில் மார்க்கோ கோடினா 532 நோயாளிகளைக் கணக்கெடுத்தார். 1986இல், அவர் கார் விபத்தில் இறந்த பிறகு, அது வெளியானது. 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் ஃபிளாப் தோல்வி 0.75 சதவீதம், தொற்று 1.5 சதவீதம். 72 மணி நேரத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் மூடியவர்களில் தோல்வி 12, தொற்று 17.5 சதவீதம். வேக்கம் டிரெஸ்ஸிங் வந்த பிறகு இந்த எல்லை கொஞ்சம் நெகிழ்ந்து, ஒரு வாரம்வரை சமாளிக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் சதை பிடிக்கக் காத்திருக்கும் வழி விழுவது சரியாக அந்த மோசமான நடுக்காலத்தில்தான்: வீக்கத்தில் சிரைகள் இறுகியிருக்கும், எலும்பில் கிருமி ஏறியிருக்கும்.

கிராஸ் லெக் ஃபிளாப் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இரண்டு கால்களையும் சட்டம் போட்டுப் பிணைத்துச் சுமார் மூன்று வாரம் படுக்கை. மூட்டு இறுகும், நடுத்தர வயதைத் தாண்டியவருக்குச் சிரையில் ரத்தம் உறையும் ஆபத்து. குழந்தைகள் ஆச்சரியப்படும் வகையில் தாங்கிக்கொள்கிறார்கள். இணைக்கத் தமனியே இல்லாத கால், ஃப்ரீ ஃபிளாப் தோற்ற கால் ஆகியவற்றுக்கு மட்டும் இதை ஒதுக்கி வைக்கலாம்.

காலை எடுப்பது

குடும்பத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலே மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்று பொருள் கொள்கிறார்கள். புள்ளிவிவரம் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் எட்டு விபத்து மையங்களில் நடந்து 2002இல் வெளியான லீப் ஆய்வில், கடும் கால் காயத்தில் காலைக் காப்பாற்றியவர்களும் எடுத்தவர்களும் இரண்டாண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது காப்பாற்றியவர்களில் 47.6 சதவீதம், எடுத்தவர்களில் 33.9 சதவீதம். அதே ஆய்வின் நோயாளிகளில் குதிகால், கணுக்கால் நசுங்கியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்த கட்டுரை 2013இல் வந்தது. ஃப்ரீ ஃபிளாப்போ கணுக்கால் மூட்டைப் பூட்டும் அறுவையோ தேவைப்பட்டவர்கள், முழங்காலுக்குக் கீழே நல்ல தோலோடு எடுத்தவர்களைவிட மோசமாக இருந்தார்கள். பாதத்தைப் பற்றி முடிவெடுக்கும் எவரும் இதைக் கடந்து போக முடியாது.

ஆனால் அமெரிக்கக் கணக்கை அப்படியே இறக்கவும் கூடாது. அங்கே செயற்கைக்காலும் அதை மாற்றும் செலவும் வேறு கணக்கு. இங்கே ஆண்டு முழுதும் வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர், தரையில் சம்மணமிடுபவர், தேய்ந்துபோன காலை மாற்ற நகரத்துக்கு வர வேண்டியவர். ஜெய்ப்பூர் கால் இதற்காகவே உருவானது: குந்தலாம், செருப்பில்லாமல் நடக்கலாம், வயலில் இறங்கலாம்.

எலும்பு காயத்தின் கடுமையை அளக்கக் கோவை கங்கா மருத்துவமனை வகுத்த மதிப்பெண் முறையை நம் மருத்துவர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள்: 14 வரை என்றால் காப்பாற்றலாம், 17ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பது, நடுவில் இருப்பவர்களுக்கு மருத்துவரின் முடிவு. அது கெண்டைக்கால் எலும்பை வைத்து உருவானது; பாதத்துக்கு அதை அப்படியே சட்டமாக்க முடியாது. முதல் நாள் உள்ளங்காலில் உணர்வு இல்லை என்பதை மட்டும் வைத்து எடுத்துவிடவும் கூடாது. நரம்பு அறுபடாமல் நசுங்கி மட்டும் இருந்தால் உணர்வு திரும்புகிறது. லீப் ஆய்வில் அப்படிக் காப்பாற்றிய கால்களில் பாதிக்கு மேல் இரண்டாண்டில் உணர்வு வந்திருந்தது.

குதிகால் எலும்பு நொறுங்கி, அதன் அடியிலுள்ள கொழுப்புத் திண்டு முழுதும் போய், உள்ளங்காலுக்கு உணர்வு தரும் பின்புற நரம்பும் அறுந்து, நோயாளிக்கு வயது ஐம்பதுக்கு மேல், சர்க்கரையும் உண்டு என்றால் எடுப்பதே நல்லது. முதல் வாரத்திலேயே, தொற்று ஏறும் முன். குதித்திண்டு மட்டும் பிழைத்திருந்தால் கணுக்காலோடு நிறுத்தும் சைம் அறுவை, செயற்கைக்கால் இல்லாமலும் வீட்டுக்குள் சில அடி நடக்க விடும். முன்பாதம் மட்டும் போயிருந்தால் அதோடு நிறுத்தலாம். நடுப்பாதத்தில் வெட்டினால் குதிநாண் இழுத்து மீதிப் பாதம் கீழ்நோக்கி மடங்கும், அதைத் தளர்த்தாமல் விடக் கூடாது. குழந்தைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஒரு படி காப்பாற்றும் பக்கம் சாயும். வளரும் எலும்பு வெட்டிய முனையில் நீண்டு தோலைக் குத்தும் தொல்லை வேறு அவர்களுக்கு உண்டு.

பணமும் இடமாற்றமும்

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தின் முதல் 48 மணி நேரத்தைத் தாங்குகிறது. பாதக் காயத்தில் சுத்தப்படுத்தலும் எலும்பை நிறுத்துவதும் அதற்குள் முடியும். ஃபிளாப் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். முதல்வர் காப்பீட்டு அட்டை, அதற்கான முன் அனுமதி ஆகியவற்றை மூன்றாம் நாள் தேடாமல் முதல் நாளே காப்பீட்டு அலுவலரிடம் பேசுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரி இல்லாத மருத்துவமனை என்றால், சுத்தப்படுத்திச் சட்டம் போட்டதும் அனுப்பச் சொல்லுங்கள். கூடவே கட்டைப் பிரித்து எடுத்த படங்கள், எக்ஸ்ரே, எந்தத் தமனி துடிக்கிறது என்ற குறிப்பு, கொடுத்த ஆன்டிபயாடிக்கின் பெயரும் நேரமும் போக வேண்டும். படம் இருந்தால் அங்கே போனதும் கட்டை மறுபடி பிரித்துப் பார்க்கும் அவசியம் குறையும்.

நடக்கத் தொடங்கிய பின்

ஃபிளாப் வைத்த காலை முதல் வாரம் தூக்கியே வைக்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் தொங்கவிட்டு, நிறம் பார்த்து, நாளுக்கு நாள் கூட்டுவார்கள். எடை வைப்பது ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில், எலும்பைப் பொறுத்து. உணர்வில்லாத உள்ளங்காலுக்கு எம்.சி.ஆர். எனும் நுண்துளை ரப்பர் செருப்பு வேண்டும். வேலூர்ப் பகுதித் தொழுநோய் மருத்துவப் பணியில் வேரூன்றிய இந்தச் செருப்பு இன்றும் பல அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. ஆணி அடித்த செருப்பு கூடாது, ரப்பர் தேய்ந்து தட்டையானதும் மாற்ற வேண்டும். தினமும் இரவில் கண்ணாடி வைத்து அடிப்பாதத்தைப் பார்ப்பது இந்தக் காலுக்கு வாழ்நாள் வேலை.

ஒரு வருடம் கழித்து ஃபிளாப்பின் மேல் புண் வந்தால் இன்னொரு ஃபிளாப்பைப் பற்றிப் பேசும் முன் எக்ஸ்ரே எடுங்கள். கோணலாகக் கூடிய குதி எலும்பின் ஒரு முனை கீழே துருத்தி நிற்பதோ, குதிநாண் இறுகி எடை ஒரே புள்ளியில் இறங்குவதோதான் பெரும்பாலும் காரணம். முனையைச் சீவிச் செருப்பை மாற்றினால் அதே ஃபிளாப் மூடிக்கொள்ளும்.